எட்டாவது ஆள்

தீவுப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு கூடும் அறை, போர்ட் பிளேரில் நிர்வாகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. நீள்வட்ட மேசை ஒன்று, சுற்றிலும் பதினாறு நாற்காலிகள், சுவரோரம் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் பெயர்ப் பலகைகள். பத்தொன்பது வருடமாக அந்தப் பலகைகளைத் துடைத்து மேசைமேல் வைப்பவரும், கூட்டம் முடிந்ததும் திரும்பப் பெட்டிக்குள் அடுக்குகிறவரும் தேவேந்திரன் மாமா. என் அம்மாவின் அண்ணன். அவர் பதவிக்குப் பெயர் அட்டெண்டன்ட்.

போன நவம்பரில் ஒரு நாள் காலை, அவர் தன் பெயர் எழுதிய பலகையையே எடுத்து மேசைமேல் வைக்க வேண்டியிருந்தது. அன்று நடந்ததையும் அதற்குப் பிறகு அவர் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். மாமா சொன்னது பாதி. ஆசிரியர்களின் பிரதிநிதியான தமிழரசி மிஸ் சொன்னது மீதி. கூட்டத்தில் நடந்ததை எழுதிவைக்கும் மினிட்ஸின் நகலையும் வாங்கிப் படித்தேன். அதை மூன்று முறை படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மாமா பிறந்தது இலங்கையின் தேயிலை மலையில். மூன்று வயதில் என் தாத்தாவோடு கப்பலில் இங்கே வந்தவர். போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போக வேண்டிய வேறொரு தீவில், ஹட் பேயில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் தாத்தாவுக்கு வேலை கொடுத்தார்கள். என் அம்மா சொர்ணம்மா அங்கேதான் பிறந்தாள். மாமா பத்தாவது முடித்ததும் மேலே படிக்க போர்ட் பிளேருக்குப் போக வேண்டும் என்றார்கள். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் கப்பல் ஏறினார். ஹேடோ துறைமுகத்தில் சிமென்ட் மூட்டை இறக்கினார். பிறகு கல்லூரியில் தினக்கூலி மஸ்தூர். அந்தக் கல்லூரி பல்கலைக்கழகமாக ஆனபோது வேலை நிரந்தரமானது, ஆட்சிக்குழுப் பிரிவில் போட்டார்கள். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் வீடு. ருக்கு அத்தை, இரண்டு பிள்ளைகள். அவ்வளவுதான் அவர் கதை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஆட்சிக்குழு என்றால் என்ன என்று சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது. பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடம் தொடங்குவது, எதை மூடுவது, யாரை வேலைக்கு எடுப்பது என்று கடைசியாக முடிவு செய்வது அந்தக் குழுதான். மொத்தம் பதினைந்து பேர். துணைவேந்தர் தலைவர். தீவு நிர்வாகத்திலிருந்து மூன்று அதிகாரிகள். புல முதன்மையர்கள் மூன்று பேர், கல்லூரி முதல்வர்கள் இரண்டு பேர். மெயின்லாண்டிலிருந்து நியமிக்கப்படும் அறிஞர்கள் இரண்டு பேர். ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் இரண்டு பேர். வெளித்தீவு மக்களுக்காக ஒருவர். கடைசியாக, ஆசிரியர் அல்லாத ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவர். பதிவாளரும் உட்காருவார். ஆனால் அவர் கூட்டத்தை நடத்தி எழுதிக்கொள்ளும் செயலாளர். அவருக்கு ஓட்டு இல்லை, எண்ணிக்கையிலும் வரமாட்டார்.

இந்தப் பதினைந்தில் எட்டுப் பேராவது அறையில் இருந்தால்தான் எடுக்கிற முடிவு செல்லும். அலுவலகத்தில் இதை கோரம் என்பார்கள். தீவுகளில் இந்த எட்டைச் சேர்ப்பதே பெரும்பாடு. மழை பிடித்தால் விமானம் இறங்காமல் சென்னைக்கே திரும்பிவிடும், அதோடு மெயின்லாண்ட் அறிஞர்கள் இருவரும் போயாயிற்று. கடல் சரியில்லை என்றால் வெளித்தீவு உறுப்பினருக்குக் கப்பல் இல்லை. அதிகாரிகள் பலசமயம் தங்களுக்குப் பதிலாக வேறு யாரையாவது அனுப்புவார்கள். அப்படி வருகிறவர்கள் உட்காரலாம், பேசலாம், டீ குடிக்கலாம். எண்ணிக்கையில் சேர மாட்டார்கள். ஆகவே அறை நிறைந்தது போலத் தெரிந்தாலும் எட்டு இருக்காது.

அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டானது. கூட்டம் தொடங்கும் முன் மாமா வாசலில் நின்று தலைகளை எண்ணுவார். யார் உறுப்பினர், யார் பதிலுக்கு வந்தவர் என்று பலகை வைக்கிற அவருக்குத்தானே தெரியும்? எண்ணி முடித்து, பதிவாளர் பக்தவத்சலம் சாரைப் பார்த்து விரலைக் காட்டுவார். எட்டு விரல் தெரிந்தால் சார் கோப்பைத் திறப்பார். ஏழு தெரிந்தால் யாருக்காவது போன் போடுவார்.

போன வருடம் ஊழியர் பிரதிநிதியாக இருந்தவர் ஓய்வு பெற்றார். அவர் காலத்தில் மீதி பதினொரு மாதம் இருந்தது. அந்தப் பதினொரு மாதத்துக்கு ஒரு தேர்தல். சங்கத்தில் இரண்டு கோஷ்டி. இவர் ஆளை அவர் ஏற்கவில்லை, அவர் ஆளை இவர் ஏற்கவில்லை. சங்கச் செயலாளர் நந்தகுமார் நேராக மாமாவிடம் வந்தார்.

"தேவா அண்ணே, நீங்க நில்லுங்க. ரெண்டு பக்கமும் ஒத்துக்குவாங்க."

"நானா? நான் அங்க நாற்காலி போடறவன்டா."

"அதான் அண்ணே. அந்த ரூம்ல நடக்குறது உங்களைவிட யாருக்குத் தெரியும்? சும்மா உக்காந்துட்டு வாங்க, பஸ்."

பஸ் என்றால் இந்தியில் அவ்வளவுதான், போதும். எங்கள் தீவில் எல்லாப் பேச்சிலும் அது வரும். மாமாவும் "சலோ, டீக் ஹை" என்று ஒத்துக்கொண்டார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

அவர் ஒத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம் இருந்ததை அத்தையிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். நவம்பர் கூட்டத்துக்கான அஜெண்டாவை அவர்தான் ஜெராக்ஸ் எடுத்தார். அதில் ஒன்பதாவது பொருள்: ஹட் பே கல்வி மையத்தை மூடுவது.

ஹட் பேயில் தோட்டம் மூடப்பட்ட பிறகு, பழைய தோட்ட அலுவலகத்தின் மூன்று அறைகளில் பல்கலைக்கழகம் ஒரு மையம் நடத்துகிறது. பி.ஏ.வும் பி.காமும் இருக்கின்றன. நாற்பத்தொரு பேர் படித்தார்கள். பிள்ளைகள் குறைவு, ஆசிரியர்கள் அங்கே தங்குவதில்லை, எனவே மூடிவிட்டு எல்லோரையும் போர்ட் பிளேருக்கு மாற்றலாம் என்று அஜெண்டாவில் இருந்தது. போர்ட் பிளேருக்கு மாற்றினால் அந்த நாற்பத்தொன்றில் பாதிப் பேர் படிப்பை விட்டுவிடுவார்கள். இது ஹட் பேயில் உள்ள எவருக்கும் தெரியும். அப்போது ஹட் பேயில் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த, அடுத்த வருடம் சேர வேண்டிய எங்கள் வகுப்புக்கு அந்தக் கதவே இருக்காது.

மாமா ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். எந்தப் பிள்ளை ராமகிருஷ்ணபுரம் குடியிருப்பிலிருந்து வருகிறது, எது விவேகானந்தபுரத்திலிருந்து, எத்தனை பெண் பிள்ளைகள் என்று அம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டு எழுதினார். ஊரில் எல்லோரிடமும் அம்மா சொல்லிவிட்டாள்: "எங்க அண்ணன் கவுன்சில்ல பேசுது."

கூட்டத்தன்று காலையில் மழை. மெயின்லாண்ட் விமானம் திரும்பிவிட்டது. அறிஞர்களை அழைத்துவரப் போன வண்டியில், அன்று மாமாவுக்குப் பதிலாக டீ கொடுக்க வேண்டிய ஒப்பந்த ஊழியரும் போயிருந்தார். விமானம் வரும் வருமென்று அவர் ஏர்போர்ட்டிலேயே நின்றுவிட்டார்.

மாமா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு பலகைகளை வைத்தார். ஊழியர் பிரதிநிதியின் இடம் மேசையின் கடைசி, கதவுக்குப் பக்கம். கதவைத் தாண்டினால் டீ வைக்கும் பேன்ட்ரி. பிறகு வழக்கப்படி வாசலில் நின்று எண்ணினார். பதிவாளரைப் பார்த்து ஏழு விரல் காட்டினார்.

பக்தவத்சலம் சார் சிரித்துவிட்டார். "என்னப்பா தேவேந்திரன், உன்னைச் சேர்த்துக்கலையா? நீதான்பா எட்டு. வந்து உட்காரு."

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். எட்டு உறுப்பினர்கள், அதிகாரிகளுக்குப் பதிலாக வந்த இருவர், பதிவாளர். பதினோரு பேர்.

முதல் எட்டுப் பொருள்கள் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. மாமா தன் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்போது துணைவேந்தர், எதையோ யோசித்தபடி, பேனாவால் தண்ணீர் கிளாஸை இரண்டு முறை தட்டினார்.

அந்தச் சத்தத்துக்கு அந்த அறையில் ஒரே ஒரு பொருள்தான். டீ வரலாம். பத்தொன்பது வருடமாக அதே சத்தம், அதே ஆள். இந்தத் துணைவேந்தர் முந்தையவரிடமிருந்து பழகினார், முந்தையவர் அவருக்கு முன்னால் இருந்தவரிடமிருந்து. தட்டியதும் மாமா எழுந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, யாரும் சொல்லவில்லை. தாளை நாற்காலியில் வைத்துவிட்டு பேன்ட்ரிக்குப் போனார். பிளாஸ்கைத் திறந்து பத்துக் கப் ஊற்றினார்.

"கப்பு கைக்கு வந்தப்பதான் எனக்குத் தோணுச்சு" என்று என்னிடம் சொன்னார். "நான் இன்னிக்கி உள்ள இருக்க வேண்டியவன்னு. ஆனா ஊத்திட்டேன். பாதி ஊத்துன டீயை வுட்டுட்டு எப்பிடி வர்றது?"

தட்டோடு திரும்பி வந்தபோது அறிவியல் புல முதன்மையரான மண்டல் மேடம் தன் ஆய்வகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அது பத்தாவது பொருள். மாமா கப்பை வைத்ததும் அவர் பேச்சை நிறுத்தி, "சீனி கம், தேவேந்தர்" என்று சர்க்கரையைக் குறைக்கச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். ஒன்பதைப் பின்னால் எடுப்பார்கள் போல என்று மாமா தன் இடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். பதினான்கோடு கூட்டம் முடிந்தது. எல்லோரும் எழுந்தபோது பதிவாளரிடம் கேட்டார்.

"சார், ஒன்பது?"

"ஒன்பதா? முடிஞ்சிடுச்சேப்பா. ஆட்சேபணை இருக்கான்னு வி.சி. கேட்டார், யாரும் ஒண்ணும் சொல்லலை. பாஸ்."

தமிழரசி மிஸ் அந்த இடத்தில்தான் இருந்தார். அதைப் பற்றி என்னிடம் மறைக்காமல் சொன்னார்: "எனக்கும் அதை மூடறது பிடிக்கலை. ஆனா தேவேந்திரன் சார் பேசுவார்னு நான் தயார் பண்ணலை. நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன், காலியா இருந்தது. கதவைப் பார்த்தேன். அதுக்குள்ள அடுத்த பக்கம் திருப்பிட்டாங்க. அரை நிமிஷம் இருக்கும்."

அன்று மாமா வழக்கம்போல் பலகைகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். மடித்த தாளையும் எடுத்துக்கொண்டார். ஹட் பேக்குப் போன் செய்யவில்லை.

இரண்டு வாரம் கழித்து மினிட்ஸ் வரைவு வந்தது. அதையும் அவர்தான் ஜெராக்ஸ் எடுத்தார். முதல் பக்கத்தில் வந்திருந்தோர் பட்டியலில் எட்டாவதாக அவர் பெயர். ஐந்தாம் பக்கத்தில், ஹட் பே மையத்தை மூடும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்றிருந்தது.

ஒரு நகல் எங்கள் மையத்துக்கும் வந்தது. அன்று சாயங்காலமே அம்மா போன் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணே, ஏகமனதான்னா என்னா?"

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு."

"எல்லாருமுன்னா? நீயும் ஒத்துக்கிட்டியா?"

அம்மா குரலை உயர்த்தினாள்.

"சொல்லுண்ணே. இங்க வழியில பாக்குறவன்லாம் கேக்குறான். உங்க அண்ணன் பேர் போட்டிருக்கேங்குறான். பேசுறேன்னு பட்டியல் எல்லாம் வாங்குனியே. உன் மருமகள நான் எங்க அனுப்புறது?"

"நான் அந்த நேரத்துல அங்க இல்ல, சொர்ணம்."

"எங்க போயிருந்த?"

"டீ எடுக்க."

அம்மா போனை வைத்துவிட்டாள். அடுப்பில் இருந்ததை இறக்காமல் நின்றாள். கோபமா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பிப்ரவரி வரை அண்ணனோடு பேசவில்லை.

மறுநாள் மாமா ஆட்சிக்குழு அறையைத் திறந்தார். கூட்டம் ஏதும் இல்லை. ஆனால் நவம்பரில் வந்தவர்களின் பலகைகளை மட்டும் எடுத்து அவரவர் இடத்தில் வைத்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டேன். "சும்மா, எங்க தப்பு நடந்துச்சுன்னு பாக்கத்தான்" என்றார். எட்டுப் பலகைகளும் மேசைமேல் இருந்தன. கடைசியில் இருந்த தன் பலகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே போனார். வாசலில் நின்று, எப்போதும் எண்ணுவது போல எண்ணினார்.

ஏழு.

அவரில்லாமல் ஏழு என்று அன்று முதலில் எண்ணிக் காட்டியது சரிதான். அவரைச் சேர்த்ததால்தான் கூட்டம் தொடங்கியது. அவர் வெளியே போன ஏழெட்டு நிமிடம் அங்கே கோரம் இல்லை. அந்த நேரத்தில் எடுத்த ஒன்பதாவது முடிவு செல்லாது.

விதி இப்படி. வரைவு மினிட்ஸில் தவறு இருந்தால் உறுப்பினர் பத்து நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். அடுத்த கூட்டத்தில் முதல் வேலை, பழைய மினிட்ஸை உறுதி செய்வது. உறுதி செய்துவிட்டால் பிறகு யாரும் தொட முடியாது. மாமா தமிழரசி மிஸ்ஸிடம் போனார். மிஸ் கடிதத்தை இங்கிலீஷில் டைப் செய்து கொடுத்தார். அதன் சாரம் இவ்வளவுதான்: ஒன்பதாவது பொருள் எடுக்கப்பட்டபோது நான் அறையில் இல்லை, டீ எடுக்கப் போயிருந்தேன், அப்போது உள்ளே இருந்த உறுப்பினர்கள் ஏழு பேர்.

பதிவாளர் அதைப் படித்துவிட்டு மாமாவை உள்ளே கூப்பிட்டார். பக்தவத்சலம் சார் கும்பகோணத்துக்காரர், கெட்டவர் இல்லை. மாமாவின் மகள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தவர்.

"தேவேந்திரன், இது மினிட்ஸ்ல ஏறினா எப்பவும் அழியாது. ஆட்சிக்குழு உறுப்பினர் டீ எடுக்கப் போனார்னு எழுதறதா? உன்னைத் தேர்ந்தெடுத்து அனுப்பின ஆளுங்க என்ன சொல்லுவாங்க? சொந்தக் காரணமா கொஞ்ச நேரம் வெளியே போயிருந்தேன்னு எழுதிக் கொடு. கணக்கு அப்பவும் ஏழுதான். உனக்கும் மரியாதை."

மாமா ஒரு நாள் அவகாசம் கேட்டார். வீட்டில் அத்தையிடம் சொன்னார்.

"சார் சொல்றது நல்லதுக்குத்தானே?" என்றாள் அத்தை. "டீயின்னு எழுதுனா நம்ம புள்ளைங்களுக்குக்கூட ஒரு மாதிரியா இருக்கும்."

"சொந்தக் காரணமுன்னா, ஒன்பது வர்ற நேரம் பாத்து நான் நைசா நழுவிட்டேன்னு ஹட் பேல நினைப்பாங்க ருக்கு. ஓட்டுப் போட பயந்துட்டேன்னு. டீயின்னா சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போறாங்க."

அத்தை விட்டுக்கொடுத்தாள். "சரி, எழுது. ஆனா சங்கத்துக்காரனுங்க வந்து கத்துனா நான் கதவத் தொறக்க மாட்டேன்."

கடிதத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

பிப்ரவரி கூட்டத்துக்குப் பதினோரு உறுப்பினர்கள் வந்தார்கள். மெயின்லாண்ட் அறிஞர்களில் ஒருவர் வந்திருந்தார். வெளித்தீவு உறுப்பினருக்குக் கப்பல் கிடைத்திருந்தது. டீ கொடுக்க வேறொரு ஆள் இருந்தார், மாமாவே அவரை இரண்டு முறை கூப்பிட்டு உறுதி செய்துகொண்டார். முதல் பொருள் மினிட்ஸ் உறுதி. பதிவாளர் கடிதத்தைப் படித்தார்.

நிர்வாக அதிகாரி ஒருவர் வருகைப் பதிவேட்டைக் காட்டினார். "இவருடைய கையெழுத்து இங்கே இருக்கிறதே. முழுக் கூட்டத்துக்கும் வந்திருந்ததாகத்தானே பொருள்?"

"கையெழுத்து என்னுதுதான் சார்" என்றார் மாமா. "அது கூட்டம் தொடங்கும்போது போட்டது. டீ எடுக்கப் போறப்போ தனியா கையெழுத்து வாங்குறதில்ல."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தேவேந்திரன், நான் உங்களைப் போகச் சொல்லவில்லையே."

"இல்ல சார், நீங்க சொல்லல. கிளாஸைத் தட்டுனீங்க. நான் எந்திரிச்சுட்டேன். தப்பு என்னோடதுதான்."

"நீங்கள் வெளியே போன நேரத்தில்தான் ஒன்பது எடுக்கப்பட்டது என்பதற்கு என்ன அத்தாட்சி?"

மாமா பதில் சொல்லும் முன் மண்டல் மேடம் பேசினார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழரசி மிஸ் எனக்குத் தமிழில் சொன்னார்: "அத்தாட்சி நான். எட்டு முடிந்தபோது நீங்கள் கிளாஸைத் தட்டினீர்கள். பத்தாவது என்னுடைய ஆய்வகம். நான் பாதி பேசியிருக்கும்போது இவர் என் முன்னால் கப்பை வைத்தார். சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னேன், அதனால் என் வாக்கியம் தவறிப்போனது, நன்றாக நினைவிருக்கிறது. நடுவில் ஒன்பது நடந்தபோது இவர் எங்கே இருந்திருப்பார்?"

"எத்தனை கப் கொண்டு வந்தீர்கள்?" என்று மெயின்லாண்ட் அறிஞர் மாமாவிடம் கேட்டார். ஏன் கேட்டார் என்று தெரியவில்லை.

"பத்து சார். உள்ள என்னையும் சேத்து பதினோரு பேர். எனக்கு நான் ஊத்திக்கல."

துணைவேந்தர் தன் முன்னால் இருந்த கிளாஸைத் தள்ளி வைத்தாராம். பிறகு, நவம்பரில் எடுத்த ஒன்பதாவது முடிவு கோரம் இல்லாததால் செல்லாது, அந்தப் பொருளை இப்போதே புதிதாக எடுக்கலாம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

மாமா தாளைப் பிரித்தார். மூன்று மாதமாகப் பையில் இருந்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. நாற்பத்தொரு பிள்ளைகளில் இருபத்தேழு பெண்கள் என்று படித்தார். எந்தக் குடியிருப்பிலிருந்து எத்தனை பேர், யார் சைக்கிளில், யார் நடந்து என்று படித்தார். தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இல்லை, வங்காளி வீட்டுப் பிள்ளைகள், தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அதில் உண்டு. ஆசிரியர்கள் தங்காததற்குக் காரணம் குவார்ட்டர்ஸ் ஒழுகுவது என்றும், அதைச் சரிசெய்ய வேண்டுமென்று நான்கு வருடமாகக் கடிதம் வருவதாகவும், அந்தக் கடிதங்களைத் தானே கோப்பில் வைத்திருப்பதாகவும் சொன்னார். கடைசியில் தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நானும் பத்தாவது முடிச்சு கப்பல் ஏறி போர்ட் பிளேருக்கு வந்தவன்தான். படிக்கத்தான் வந்தேன். மூட்டை தூக்கினேன். மாத்தி விடுறோம்னு இதுல எழுதியிருக்கு. மாத்தி விட்டா எல்லாரும் படிக்க வந்து சேருவாங்கன்னு எனக்குத் தோணல."

தமிழரசி மிஸ்ஸும் இந்த முறை தயாராக வந்து பேசினார். வெளித்தீவு உறுப்பினரும் பேசினார். எதிர்ப்பக்கமும் நியாயம் இல்லாமல் பேசவில்லை. நாற்பது பேருக்காக எட்டு ஆசிரியர்களை வைத்துக்கொள்வது இங்கே படிக்கிற மற்றப் பிள்ளைகளைப் பாதிக்கிறது என்று ஒரு முதல்வர் சொன்னார். துணைவேந்தர் கை தூக்கச் சொன்னார். மையம் இன்னும் இரண்டு வருடம் நடக்கட்டும் என்று ஆறு கைகள். மூட வேண்டும் என்று நான்கு. ஒருவர் எதற்கும் தூக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத் திரும்பவும் பார்ப்பார்கள். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் ஜூலையில் சேர்க்கை நடந்தது. ஐம்பத்திரண்டு பேர் படிக்கிறோம்.

மாமாவுக்கு அதற்கு என்ன கிடைத்தது என்றும் சொல்ல வேண்டும். திருத்திய மினிட்ஸ் எல்லா அலுவலகத்துக்கும் போனது. "ஊழியர் பிரதிநிதி டீ எடுக்கச் சென்றிருந்ததால்" என்ற வரி அதில் இருந்தது. நந்தகுமார் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"உக்காந்துட்டு வாங்கன்னுதானே அண்ணே சொன்னேன்! அதுகூட முடியலையா? இனிமே எங்களை எவன் மதிப்பான்? மெம்பர்னா ரெண்டு பிஸ்கட்டும் சேத்துக் கொண்டான்னு சொல்லுவான்."

கொஞ்ச நாள் வரை நடைகூடத்தில் மாமாவைப் பார்த்தால் இளைஞர்கள் சிலர் கிளாஸைத் தட்டுவது போலச் சுவரைத் தட்டினார்கள். அவர் காலம் செப்டம்பரில் முடிந்தது. மறுபடியும் நிற்கட்டுமா என்று கேட்டதற்குச் சங்கத்தில் யாரும் சரி என்று சொல்லவில்லை. நிர்வாகப் பிரிவில் கிளார்க்காக இருக்கும் ஷீலா அக்கா நின்று ஜெயித்தார்.

அம்மா பிப்ரவரியிலேயே போன் பண்ணிவிட்டாள். "டீ எப்பிடி இருந்துச்சுண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் "மாமா, நான் அப்ளிகேஷன் போடப் போறேன்" என்றேன். "போடு, போடு" என்றார்.

அக்டோபரில் கூட்டம். மாமா பலகைகளைத் துடைத்து வைத்தார். தன் பழைய பலகையைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, கதவுக்குப் பக்கத்து இடத்தில் ஷீலா அக்காவின் பலகையை வைக்கப் போனவர், கொஞ்சம் யோசித்தார். யார் எங்கே என்பது விதியில் இருக்கிறது, கடைசி இடம் ஊழியர் பிரதிநிதிக்கு. ஆனால் மேசையின் எந்தப் பக்கம் கடைசி என்று விதி சொல்லவில்லை. மேசையின் வரிசையை மறுபக்கமாகச் சுற்றி வைத்தார். ஷீலா அக்காவின் இடம் ஜன்னலோரம் போனது. கதவுக்குப் பக்கத்தில் மெயின்லாண்ட் அறிஞரின் பலகை வந்தது.

ஷீலா அக்கா புதுப் புடவையில், கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். "தேவா அண்ணே, நான் எங்க?"

"அங்க, ஜன்னல் பக்கம். உள்ள போய்ட்டா வெளிய வர நாலு பேரை எந்திரிக்கச் சொல்லணும். அதனால கூட்டம் முடியிற வரைக்கும் வராத."

"டீ?"

"டீ உன் இடத்துக்கு வரும். நான் கொண்டாருவேன்."

பிறகு அவர் வாசலில் போய் நின்று எண்ணினார். ஜன்னல் பக்கத்திலிருந்து தொடங்கினார். ஷீலா அக்கா ஒன்று. முடித்தபோது ஒன்பது. பதிவாளரைப் பார்த்து ஒன்பது விரல் காட்டினார். பக்தவத்சலம் சார் கோப்பைத் திறந்தார். மாமா கதவைச் சாத்திவிட்டு பேன்ட்ரியில் போய் உட்கார்ந்தார்.